சொந்த மண் சாதகம் எதுவரை நியாயம்? டெஸ்ட் ஆடுகளங்கள் பற்றி ஒரு கேள்வி

மூன்றாம் ஸ்லிப் கேட்டது:

வெளிநாட்டுக்கு டெஸ்ட் ஆடப் போகிற அணி கஷ்டப்படத்தான் வேண்டும், அதில் எனக்கு ஒரு புகாரும் இல்லை. பெர்த்தில் பந்து நெஞ்சு உயரத்துக்கு எழும்பும், இந்தியாவில் நான்காம் நாள் திரும்பும், இங்கிலாந்தில் மேகம் கவிந்தால் ஸ்விங் ஆகும். அதையெல்லாம் தாண்டி ஜெயிப்பதால்தான் வெளிநாட்டு வெற்றிக்கு அவ்வளவு மரியாதை. ஆனால் மண்ணும் வானிலையும் தானாகத் தருகிற சாதகம் வேறு, எதிரணியில் யார் யார் வருகிறார்கள் என்று பார்த்து அதற்கேற்ப ஆடுகளத்தைச் செய்து வைப்பது வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிட்டு, எல்லாம் ஆட்டத்தில் ஒரு பகுதிதான் என்று முடித்துவிடுகிறார்கள்.

கடந்த சில வருடங்களை மட்டும் பாருங்கள். 2023 மார்ச்சில் இந்தூரில் முதல் நாளே 14 விக்கெட், மூன்றாம் நாள் காலையில் கதை முடிந்தது. 2024 ஜனவரியில் கேப்டவுனில் தென்னாப்பிரிக்காவும் இந்தியாவும் ஆடியதில் முதல் நாளில் மட்டும் 23 விக்கெட், மொத்தமே 642 பந்துகள், முடிவு கிடைத்த டெஸ்ட்களில் இதைவிடக் குறைந்த பந்துகளில் முடிந்தது எதுவுமே கிடையாது. 2025 நவம்பரில் ஈடன் கார்டனில் நான்கு இன்னிங்ஸிலும் யாரும் 200ஐத் தொடவில்லை. அடுத்த மாதமே மெல்போர்னில் பாக்ஸிங் டே டெஸ்ட் (டிசம்பர் 26இல் தொடங்குவது) இரண்டு நாளில் முடிந்தது, முதல் நாளில் 20 விக்கெட்.

இதைப் பற்றிப் பேச்செடுத்தாலே எல்லோரும் சொல்லும் பதில், இரண்டு அணியும் ஒரே களத்தில்தானே ஆடுகிறது, அப்புறம் என்ன அநியாயம் என்பது. எனக்கு அந்தப் பதில் போதவில்லை. களம் ஒன்றுதான், ஆனால் அது எப்படி இருக்கப்போகிறது என்பது ஒரு தரப்புக்கு மட்டும் பல வாரம் முன்பே தெரியும், அதற்கேற்ற பதினோரு பேரையும் தேர்ந்தெடுத்து வைத்திருக்கும். இன்னொரு தரப்பு ஆட்டத்துக்கு முந்தைய நாள் குனிந்து மண்ணைத் தொட்டுப் பார்த்து ஊகிக்க வேண்டும்.

இங்கே ஆடுகள வேலை தெரிந்தவர்கள் இருக்கிறீர்கள், அதனால் கேட்கிறேன். எதுவரை இயல்பான சாதகம், எங்கிருந்து அது வேண்டுமென்றே செய்த வேலை? சுழலுக்கும் வேகத்துக்கும் ஒரே அளவுகோல்தான் வைக்கிறார்களா? இதை யார் முடிவு செய்வது சரி?

பழைய பந்து எழுதியது:

நான் ஒரு கல்லூரி மைதானத்தில் பிட்ச் போடுகிற வேலையில் சில வருடம் கூடவே இருந்தவன், சர்வதேச மைதானம் பக்கமெல்லாம் போனதில்லை, ஆனால் அடிப்படை ஒன்றுதான் என்பதால் சொல்கிறேன்.

கியூரேட்டர், அதாவது ஆடுகளம் தயாரிப்பவர், கையில் இருப்பது நாலு விஷயம்: மண், தண்ணீர், ரோலர், புல். மண்ணை அவ்வளவு சுலபமாக மாற்ற முடியாது. செம்மண் என்றால் எழும்பும், காய்ந்தால் சீக்கிரம் உதிரும். கரிசல் என்றால் இறுகிப் பிடித்துக்கொள்ளும், போகப்போகப் பந்து தாழ்ந்து மெதுவாக வரும். இதுவரை இயற்கை, இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரே மைதானத்தின் நடுவில் ஆடுகளங்கள் வரிசையாக இருக்கும் சதுரத்திலேயே செம்மண் பட்டை ஒன்று, கரிசல் பட்டை ஒன்று என்று பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், எதில் ஆடுவது என்று தேர்ந்தெடுப்பதிலேயே பாதி ஆட்டம் முடிவாகிவிடும். அது வெளியே யார் கண்ணுக்கும் அவ்வளவாகத் தெரியாது.

மற்ற மூன்றும் முழுக்க மனிதக் கை. தண்ணீர் விட்டு, ஈரம் உள்ளே நாலு விரல்கடை இறங்கும்வரை காத்திருந்து, கனமான ரோலரை மெதுவாக ஓட்டினால்தான் களிமண் அடுக்கடுக்காக இறுகும். அந்த ரோலிங்கைப் பல நாள் பொறுமையாகச் செய்ய வேண்டும். அதைக் குறைத்துவிட்டு, தண்ணீரையும் இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்தி, மேல்புல்லை ஒட்ட வழித்து, கடினமான பிரஷ்ஷால் தேய்த்தீர்கள் என்றால் முதல் நாள் காலையிலேயே பந்து விழும் இடத்தில் தூசி கிளம்பும். எங்கள் மைதானத்தில் ஒருமுறை தண்ணீர்ப் பற்றாக்குறையால் ஒரு முனைக்கு மட்டும் சரியாக ஈரம் போகவில்லை. அடுத்த நாள் சாவியை மண்ணில் அழுத்திப் பார்த்தால் ஒரு முனையில் இறங்கவே இல்லை, மறு முனையில் பொலபொலவென்று பெயர்ந்து வந்தது. ஒரே பந்துவீச்சாளர், ஒரே லென்த் (பந்து விழும் தூரம்), ஒரு பந்து முட்டிக்குக் கீழே, அடுத்த பந்து விலா எலும்புக்கு. அது யாரும் திட்டமிட்டுச் செய்ததில்லை, ஆனால் திட்டமிட்டுச் செய்யவும் அதே வழிதான்.

வேகத்துக்கும் இப்படித்தான். புல்லை எத்தனை மில்லிமீட்டர் விடுவது, அடியில் எவ்வளவு ஈரம் வைப்பது என்பதுதான் எல்லாம். மெல்போர்னில் அந்த 2025 டெஸ்டுக்கு 10 மில்லிமீட்டர் புல் விட்டிருந்தார்கள். மூன்றாம் நாளுக்கு மேல் வெயில் கடுமையாக இருக்கும், அப்போது களம் செத்துவிடக் கூடாது என்று முன்னெச்சரிக்கையாக விட்டது. ஆட்டம் அந்த வெயில் வரைக்கும் போகவே இல்லை. அது ஏமாற்று வேலை கிடையாது, கணக்கு தப்பியது.

என் அளவுகோல் இதுதான். மைதானத்தின் மண் இயல்பாக எந்தப் பக்கம் போகுமோ அந்தப் பக்கம் கொஞ்சம் தள்ளிவிடுவது நியாயம். ஆனால் ஆடுகளத்தின் ஒரு பகுதியை மட்டும், குறிப்பாக இடக்கை ஆட்டக்காரரின் ஆஃப் ஸ்டம்ப்புக்கு வெளியே இருக்கும் இடத்தை மட்டும், காயப்போட்டு மற்ற இடத்துக்குத் தண்ணீர் விடுவது என்றால் அது எதிரணிப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு செய்த வேலை. அதற்கு எந்த மண்ணும் சாக்கு ஆகாது.

நைட் வாட்ச்மேன் எழுதியது:

பழைய பந்து சொன்னதில் முக்கால்வாசிக்கு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஸ்லிப் கேட்ட இரண்டாவது கேள்விதான் எனக்கு முக்கியம், ஒரே அளவுகோலா என்பது. இல்லை என்றுதான் சொல்வேன்.

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பது போலத்தான் பல வருடம் நடந்தது. இந்தூருக்கு மேட்ச் ரெஃப்ரி கிறிஸ் பிராட் 'மோசம்' என்று மதிப்பிட்டு, மைதானத்தின் கணக்கில் ஏறும் மூன்று குறைப்புள்ளி கொடுத்தார். அதற்கு மூன்று மாதம் முன்பு, 2022 டிசம்பரில், பிரிஸ்பேனில் ஆஸ்திரேலியாவும் தென்னாப்பிரிக்காவும் ஆடிய டெஸ்ட் இரண்டு நாளில் 34 விக்கெட்டோடு முடிந்தது, தென்னாப்பிரிக்கா இரண்டாவது இன்னிங்ஸில் 99. அதற்கு 'சராசரிக்கும் கீழ்', ஒரு புள்ளி. பிசிசிஐ மேல்முறையீடு செய்த பிறகு இந்தூரும் 'சராசரிக்கும் கீழ்' என்று மாறியது. அப்படி மாற்ற முடிகிற மதிப்பீடு என்றால் முதலில் எதை வைத்து எழுதினார்கள்? கேப்டவுன் முடிந்ததும் ரோகித் சர்மா, இப்படிப்பட்ட ஆடுகளத்தில் ஆட எங்களுக்கு ஆட்சேபம் இல்லை, ஆனால் இந்தியாவில் பந்து திரும்பும்போதும் எல்லோரும் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்ற அர்த்தத்தில் வெளிப்படையாகப் பேசியதற்குக் காரணம் இதுதான். அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. கேப்டவுனுக்கும் 'திருப்தியில்லை' என்று பிறகு எழுதினார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன், அதுவும் அதே கிறிஸ் பிராட்தான்.

ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது, இதை நம் ஆட்கள் பேசவே மாட்டார்கள். சீக்கிரம் முடிந்த டெஸ்ட் எல்லாம் மோசமான ஆடுகளம் என்று அர்த்தமில்லை. 2025 நவம்பர் பெர்த் டெஸ்டும் இரண்டே நாளில் முடிந்தது, முதல் நாளில் 19 விக்கெட் விழுந்தது. ஐசிசி அதற்கு 'மிக நன்று' என்று மதிப்பெண் போட்டது, நிறையப் பேர் கொதித்தார்கள். ஆனால் நான்காவது இன்னிங்ஸில் டிராவிஸ் ஹெட் அதே களத்தில் 83 பந்தில் 123 அடித்தார், ஆஸ்திரேலியா 205 ரன்னை இரண்டே விக்கெட் இழந்து எட்டியது. பந்து எழும்பியது, ஆனால் எல்லாப் பந்தும் ஒரே மாதிரி எழும்பியது, அதை நம்பி ஷாட் ஆட முடிந்தது. அங்கே விக்கெட் விழுந்ததற்குப் பாதிக்கு மேல் ஆட்டக்காரர்கள்தான் பொறுப்பு. 2021 பிப்ரவரியில் அகமதாபாத் பகலிரவு டெஸ்ட் இரண்டு நாளில் முடிந்ததே, அதிலும் திரும்பாமல் நேராகச் சறுக்கி வந்த பந்துக்குத்தான் நிறைய பேர் அவுட் ஆனார்கள், பிங்க் பந்தின் பளபளப்பு அதில் பெரிய காரணம்.

மறந்தே போகும் இன்னொரு வகை இருக்கிறது: செத்த ஆடுகளம். 2022 மார்ச்சில் ராவல்பிண்டியில் பாகிஸ்தானும் ஆஸ்திரேலியாவும் ஐந்து நாளில் 1187 ரன் அடித்தார்கள், விழுந்தது 14 விக்கெட். 2017 பாக்ஸிங் டேயில் இங்கிலாந்தின் குக் 244 அடித்து ஆட்டமிழக்காமல் நின்றாரே, அந்த மெல்போர்ன் களத்துக்கு 'மோசம்' என்றே மதிப்பீடு வந்தது. உலகத்தரமான ஒரு பந்துவீச்சு வரிசையை ஐந்து நாள் வெறுமனே ஓடவிட்டு, அடுத்த டெஸ்டுக்குள் களைத்துப்போக வைப்பதும் திட்டமிட்ட அநியாயம்தான். ஆனால் மூன்று நாளில் முடிந்தால் வரும் சத்தத்தில் பத்தில் ஒரு பங்குகூட இதற்கு வராது.

சில்லி பாயிண்ட் எழுதியது:

எல்லோரும் விருந்தாளி அணிக்கு அநியாயம் என்றே பேசுகிறீர்கள். எனக்கு வேறு வருத்தம். இப்படிச் செய்வதால் பெரும்பாலும் அடிவாங்குவது செய்தவர்களே. தான் வெட்டிய குழி என்பார்களே, அதற்கு இந்திய அணியின் வரலாறு போதும்.

2012 மும்பை: தோனி முதல் நாளிலிருந்தே திரும்பும் களம் வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்டார், கிடைத்தது, இங்கிலாந்தின் பனேசரும் ஸ்வானும் சேர்ந்து 19 விக்கெட் எடுத்தார்கள், பீட்டர்சன் 186. தொடரே போனது. 2017 புனே: ஆஸ்திரேலியாவின் ஓகீஃப் 70 ரன்னுக்கு 12 விக்கெட், இந்தியா 105, 107. 2023 இந்தூர்: தன் இரண்டாவது டெஸ்டை ஆடிய ஆஸ்திரேலியாவின் கூனமன் 16 ரன்னுக்கு ஐந்து. 2024 புனே: அதுவரை டெஸ்டில் ஒருமுறைகூட ஐந்து விக்கெட் எடுக்காத நியூசிலாந்தின் சான்ட்னர் ஒரே ஆட்டத்தில் 13. அடுத்து மும்பையில் 147 ரன்னைத் துரத்த முடியாமல் 121க்குச் சுருண்டு 0-3. நியூசிலாந்து அதற்கு முன் இந்தியாவில் ஒரு தொடரும் ஜெயித்ததில்லை. பிறகு ஈடன், 124 இலக்கு, 93இல் முடிந்தது, கில் கழுத்துவலியால் களமிறங்கவே முடியவில்லை என்றாலும் அது முழுச் சாக்கு ஆகாது. தென்னாப்பிரிக்கா இந்தியாவில் டெஸ்ட் ஜெயித்து 15 வருடம் ஆகியிருந்தது. அந்தக் களத்தைத் தாங்கள் கேட்டுத்தான் வாங்கினோம் என்று பயிற்சியாளர் கம்பீரே சொன்னார்.

இது ஏன் திரும்பத் திரும்ப நடக்கிறது என்று யோசித்தால் காரணம் எளிது. நல்ல களத்தில் அஸ்வினுக்கும் ஒரு சாதாரண சுழல்காரருக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருக்கும். அஸ்வின் காற்றில் ஏமாற்றுவார், வேகத்தை மாற்றுவார், கிரீஸில் இடம் மாறி வந்து போடுவார், ஒரு விக்கெட்டுக்கு மூன்று ஓவர் திட்டம் போடுவார். அந்தச் சாதாரண ஆள் மணிக்கு 90 கிலோமீட்டரில் ஒரே இடத்தில் போட்டுக்கொண்டே இருப்பார். நல்ல களத்தில் இரண்டாமவரை ஆட்டக்காரர் சலிக்காமல் ஆடுவார். பந்து ஒன்று திரும்பி ஒன்று நேராகப் போகிற களத்திலோ, அந்த ஒரே இடத்தில் வேகமாகப் போடுவதே போதும், மற்றதை மண் பார்த்துக்கொள்ளும். அங்கே பெரிய பந்துவீச்சாளரின் திறமைக்கு வேலையே இல்லை. வலுவான அணிக்கு வேண்டியது திறமை வித்தியாசம் தெரிகிற ஐந்து நாள் ஆட்டம். அதை விட்டுவிட்டு வலுவான அணியே போய் லாட்டரிச் சீட்டு வாங்குகிறது.

ஆட்டக்காரர்களுக்கும் இதில் பெரிய இழப்பு. 2021க்குப் பிறகு உள்ளூர் டெஸ்ட்களில் புஜாரா, ரகானே, கோலி மூவரின் சராசரியும் எப்படி இறங்கியது என்று பாருங்கள். களம் மட்டுமே காரணம் என்று சொல்ல வரவில்லை, வயதும் ஃபார்மும் இருக்கிறது. ஆனால் தற்காப்பு ஆட்டத்தை நம்பவே முடியாத களத்தில் வருடக்கணக்கில் ஆடினால், எப்படியும் ஒரு பந்து வரத்தான் போகிறது, அதற்குள் அடித்துவிடலாம் என்ற பதற்றம் எவருக்கும் வரும். அப்புறம் அவர்களைத் தேர்வில் கழற்றிவிடும்போது யாரும் ஆடுகளத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

மூன்றாம் ஸ்லிப் எழுதியது:

மூவருக்கும் நன்றி, நிறைய தெளிந்தது. சில்லி பாயிண்ட் சொன்ன திறமை இடைவெளி விஷயம் நான் யோசிக்காத கோணம். அதாவது அநியாயம் என்பது யார் தோற்றார்கள் என்பதில் இல்லை, நன்றாக ஆடியவனுக்கும் சுமாராக ஆடியவனுக்கும் வித்தியாசம் தெரியாமல் போவதில் இருக்கிறது என்கிறீர்கள், சரிதானே?

டாஸ் பற்றி யாரும் சொல்லவில்லையே. இப்படிப்பட்ட களத்தில் டாஸ் ஜெயித்தால் பாதி வெற்றி என்று வர்ணனையில் எப்போதும் சொல்கிறார்கள். அது உண்மை என்றால் டாஸை எடுத்துவிட்டு விருந்தாளி கேப்டனிடமே தேர்வைக் கொடுத்துவிட்டால் எல்லாப் பிரச்சினையும் முடிந்துவிடாதா?

பதினோராம் நம்பர் எழுதியது:

அவ்வளவு சுலபமாக முடியாது நண்பரே. முதலில், டாஸ் எப்போது அதிகம் முக்கியம் என்பதில் எல்லோரும் தலைகீழாக நினைக்கிறார்கள். முதல் பந்திலிருந்தே எகிறும், திரும்பும் களத்தில் டாஸ் அவ்வளவு பெரிய விஷயம் இல்லை, ஏனென்றால் நான்கு இன்னிங்ஸும் கஷ்டம்தான். இந்தூரில் டாஸ் ஜெயித்தது இந்தியா, தோற்றது. கேப்டவுனில் டாஸ் ஜெயித்து பேட் செய்தது தென்னாப்பிரிக்கா, சிராஜ் 15 ரன்னுக்கு ஆறு விக்கெட் எடுக்க 55க்கு ஆல் அவுட். டாஸ் கொல்வது எங்கே என்றால், இரண்டு நாள் சாலை மாதிரி, பேட் செய்ய வசதியாகக் கிடந்துவிட்டு மூன்றாம் நாள் மாலையிலிருந்து உடைகிற களத்தில். 2021 பிப்ரவரியில் சென்னையில் முதல் டெஸ்டில் இங்கிலாந்து டாஸ் ஜெயித்தது, ரூட் 218, அணி 578. இந்தியா பேட் செய்ய வந்தபோது அது வேறு களமாகிவிட்டது, 227 ரன்னில் தோல்வி. பந்து ஒழுங்காக வந்த, எல்லோரும் நல்ல பாரம்பரிய ஆடுகளம் என்று பாராட்டும் வகைதான் அது. நியாயத்தின் கணக்கில் பார்த்தால் முதல் நாளிலிருந்தே திரும்புவதைவிட இது ஒரு அணிக்கு அதிக அநியாயம் செய்கிறது. இதைச் சொன்னால் பலருக்கு எரிச்சல் வரும், ஆனால் யோசித்துப் பாருங்கள்.

நீங்கள் சொன்ன யோசனையை இங்கிலாந்தின் கவுண்டி சாம்பியன்ஷிப்பில் 2016 முதல் 2019 வரை செய்தே பார்த்தார்கள். விருந்தாளி கேப்டன் விரும்பினால் டாஸ் இல்லாமலே முதலில் பந்து வீசலாம். சீசன் தொடக்கத்தில் ஈரமும் புல்லுமாகக் களத்தை விட்டுவிட்டு மிதவேகப் பந்துவீச்சாளர்களை வைத்து ஜெயிக்கும் பழக்கத்தை நிறுத்தத்தான் கொண்டுவந்தார்கள். பிறகு பழைய டாஸுக்கே திரும்பிவிட்டார்கள். சர்வதேச டெஸ்டுக்கும் இதைக் கொண்டுவரலாமா என்று 2018இல் ஐசிசி கிரிக்கெட் குழு விவாதித்து, வேண்டாம் என்று முடிவு செய்தது. டாஸை எடுத்தால் களம் தயாரிப்பவர் பயந்துகொண்டு ஒன்றும் நடக்காத சாலையைப் போடுவார் என்பது என் பயம். ராவல்பிண்டி மாதிரி ஐந்து டெஸ்ட் தொடர்ந்து பார்க்க யாருக்குப் பொறுமை இருக்கிறது?

இன்னொன்று, பாதுகாப்பு. நியாயம் அநியாயம் எல்லாம் அப்புறம், அடி படுமா படாதா என்பது முதலில். 1998 ஜனவரியில் கிங்ஸ்டன் சபீனா பார்க்கில் 10.1 ஓவரில் டெஸ்டையே கைவிட்டார்கள், இங்கிலாந்து 17க்கு 3, பந்து விழுந்த இடத்திலிருந்து எங்கே போகும் என்று யாருக்கும் தெரியவில்லை. 2018இல் ஜோகன்னஸ்பர்கில் பும்ரா பந்து தென்னாப்பிரிக்காவின் எல்கரின் ஹெல்மெட் கம்பியில் பட்ட பிறகு மூன்றாம் நாள் ஆட்டத்தை நிறுத்தினார்கள். அடுத்த நாள் தொடர்ந்தது, எல்கர் 86 அடித்து கடைசிவரை நின்றார், இந்தியா ஜெயித்தது. அந்த 86ஐ நான் பார்த்த சிறந்த இன்னிங்ஸ்களில் வைப்பேன், அதே நேரம் அவரை அந்தக் களத்தில் நிற்க வைத்தது தவறு என்றும் சொல்வேன்.

நைட் வாட்ச்மேன் எழுதியது:

பதினோராம் நம்பர் டாஸ் பற்றிச் சொன்னது மிகச் சரி. ஆனால் அதற்காக முதல் பந்திலிருந்தே உடைகிற களம் நியாயமானது என்று ஆகிவிடாது, இரண்டு பேரையும் சமமாக அதிர்ஷ்டத்திடம் விடுவது சமத்துவம் இல்லையே.

இதில் உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வெற்றிக்கு 12 புள்ளி, டிராவுக்கு 4. அட்டவணையில் சதவீதம்தான் இடத்தை நிர்ணயிக்கிறது. வெளிநாட்டில் ஜெயித்தாலும் உள்நாட்டில் ஜெயித்தாலும் ஒரே 12. அப்படியென்றால் எந்த வாரியமும் உள்ளூரில் டிரா ஆகக்கூடிய நல்ல களத்தை ஏன் போடும்? 2024 அக்டோபரில் பாகிஸ்தான் செய்ததைப் பாருங்கள். முல்தானில் முதல் டெஸ்டில் இங்கிலாந்து 823 அடித்தது, புரூக் 317, ரூட் 262. பாகிஸ்தான் முதல் இன்னிங்ஸில் 556 அடித்தும் இன்னிங்ஸ் தோல்வி. உடனே இரண்டாவது டெஸ்டை அதே பட்டையில், அதே தேய்ந்த மண்ணில் வைத்தார்கள், பெரிய மின்விசிறிகளை வைத்துக் காயவைத்தார்கள். சுழல்காரர்கள் சஜித் கானும் நோமன் அலியும் இருபது விக்கெட்டையும் பங்கு போட்டுக்கொண்டார்கள். மூன்றாவது டெஸ்டுக்கு ராவல்பிண்டியில் விசிறியோடு ஹீட்டரும் வந்தது. இரண்டு டெஸ்டிலும் சேர்த்து 40இல் 39 விக்கெட் அந்த இருவருக்கு, தொடர் 2-1. விதி எதையும் அவர்கள் மீறவில்லை. ஆட்டம் தொடங்கும்வரை ஆடுகளத்தைத் தேர்ந்தெடுப்பதும் தயாரிப்பதும் மைதான நிர்வாகத்தின் பொறுப்பு என்று ஆறாவது விதியே சொல்கிறது, தொடங்கிய பிறகுதான் நடுவர்கள் கைக்கு வருகிறது.

ஆகவே பாகிஸ்தானைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. தண்டனை எதுவும் அணிக்குப் போய்ச் சேரவில்லை என்பதுதான் கோளாறு. இப்போதைய முறையில் 'திருப்தியில்லை' என்றால் மைதானத்துக்கு ஒரு குறைப்புள்ளி, ஐந்து வருடத்துக்குள் ஆறு சேர்ந்தால் பன்னிரண்டு மாதத் தடை. ஒரு மைதானத்துக்கு டெஸ்ட் வருவதே சில வருடத்துக்கு ஒருமுறை என்ற நாட்டில் ஆறு புள்ளி எப்போது சேரும்? அப்படியே சேர்ந்தாலும் அடிபடுவது அந்த ஊர் ரசிகர்கள், களத்தைக் கேட்டு வாங்கிய அணி அடுத்த ஊருக்குப் போய்விடும். ஓவர் மெதுவாக வீசினால் சாம்பியன்ஷிப் புள்ளியைக் கழிக்கிறார்கள், ஆடுகளத்தைக் கெடுத்தால் அணியின் கணக்கில் ஒன்றும் குறைவதில்லை. வெளிநாட்டு வெற்றிக்குக் கூடுதல் புள்ளி, மோசமான களத்துக்கு அணியிடமிருந்தே கழிவு, இந்த இரண்டும் வந்தால் பாதி சரியாகும்.

சில்லி பாயிண்ட் எழுதியது:

வாட்ச்மேன், கூடுதல் புள்ளி சரி. கழிவு வேண்டாம் என்பேன். மதிப்பீடே மேல்முறையீட்டில் மாறுகிறது என்று நீங்கள்தானே சொன்னீர்கள். 2022 டிசம்பரில் ராவல்பிண்டியில் இங்கிலாந்து முதல் நாளே 506 அடித்ததற்குக் கொடுத்த குறைப்புள்ளியையும், கடைசி நாளில் முடிவு கிடைத்த ஆட்டம் என்பதைக் கணக்கில் எடுத்து அப்புறம் ரத்து செய்தார்கள். களம் எப்படி இருந்தது என்பதற்கும் ஸ்டோக்ஸ் துணிந்து டிக்ளேர் செய்ததற்கும் என்ன சம்பந்தம்? இவ்வளவு தளர்வான மதிப்பீட்டை வைத்து ஒரு அணியை இறுதிப் போட்டியிலிருந்து வெளியே தள்ளினால் அது இன்னொரு அநியாயம். முதலில் அளவிடுவதைச் சரிசெய்யட்டும். ஒவ்வொரு பந்தும் எங்கே விழுந்தது, எவ்வளவு திரும்பியது, எவ்வளவு உயரத்தில் ஸ்டம்பைத் தாண்டியது என்ற தரவு எல்லா டெஸ்டிலும் இருக்கிறது, நடுவர் முடிவை மறுபரிசீலனை செய்யும் டிஆர்எஸ்ஸுக்கு அதைத்தானே நம்புகிறோம். ஒரே லென்தில் விழுந்த பந்துகளின் உயரம் எவ்வளவு மாறியது என்பதை எடுத்து மதிப்பீட்டோடு சேர்த்து வெளியிட்டால் ரெஃப்ரியின் ஊர் எது என்ற பேச்சே எழாது.

பழைய பந்து எழுதியது:

ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நடுவர்களை 2002இல் இருந்து இருவருமே பொதுநாட்டவராக்கினார்கள், கொரோனா காலத்தில் தளர்த்தினார்கள் என்பது தனி. கியூரேட்டரையும் அப்படி அனுப்பிவிடலாமே என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். அது நடக்காது. ஒரு மண் எப்போது எவ்வளவு தண்ணீர் குடிக்கும், எந்தக் காற்றில் எப்படிக் காயும் என்பது அங்கேயே வருடக்கணக்கில் கிடந்தவருக்குத்தான் தெரியும். வெளியாள் வந்து இரண்டு வாரத்தில் செய்தால் நல்ல எண்ணத்தோடேயே கெடுத்துவிடுவார். இந்தூரின் கதையிலும் கடைசி நேரத்தில் தர்மசாலாவிலிருந்து ஆட்டத்தை அங்கே மாற்றினார்கள், உள்ளூர்க்காரருக்கே சரியான அவகாசம் கிடைக்கவில்லை. இயற்கையே கெடுத்துவிடுவதும் உண்டு. 1972இல் லீட்ஸில் ஃபியூசேரியம் என்ற பூஞ்சை புல்லைத் தின்றுவிட்டது, இங்கிலாந்தின் சுழல்காரர் அண்டர்வுட் பத்து விக்கெட் எடுத்தார், மூன்று நாளில் ஆஸ்திரேலியாவோடு மோதும் ஆஷஸ் கோப்பை இங்கிலாந்திடமே தங்கியது, ஆஸ்திரேலியாவில் இன்றும் பலர் அதை நம்ப மாட்டார்கள்.

செய்யக்கூடியது வேறு. உள்ளூர்க் கியூரேட்டரே போடட்டும், ஆனால் ஆட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே எந்தப் பட்டை என்று அறிவித்துவிட வேண்டும், அதற்குப் பிறகு மாற்றக் கூடாது. கேப்டனோ பயிற்சியாளரோ நேரடியாக அவரிடம் பேசக் கூடாது. புல் உயரம், இரண்டு முனையிலும் நடுவிலும் ஈரப்பதம், கிளெக் ஹேமர் போட்டுப் பார்த்தால் கிடைக்கும் கடினம், இவற்றைத் தினமும் குறித்து இரண்டு அணிக்கும் கொடுக்க வேண்டும். இதற்கு வேண்டிய கருவிகள் பெரிய மைதானங்களில் ஏற்கெனவே இருக்கின்றன. ஒரு முனையை மட்டும் காயப்போட்டால் அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும். விருந்தாளி அணியும் அதைப் பார்த்துத் தன் பதினோரு பேரைத் தேர்ந்தெடுக்கலாம், ஸ்லிப் முதலில் சொன்ன அந்த முன்கூட்டியே தெரியும் என்ற சாதகம் அங்கேயே பாதி போய்விடும்.

மூன்றாம் ஸ்லிப் எழுதியது:

இந்தத் தாள் யோசனைதான் எனக்கு எல்லாவற்றிலும் உருப்படியாகப் படுகிறது, தண்டனையைவிட இது முதலில் வர வேண்டும். ஒரு கடைசிக் கேள்வி: அந்தக் கருவியெல்லாம் இல்லாமல் டிவியில் பார்க்கிற நாங்கள் முதல் நாளிலேயே எதை வைத்துக் கண்டுபிடிப்பது?

பழைய பந்து எழுதியது:

முதல் ஒரு மணி நேரத்தில் இரண்டு விஷயம் பாருங்கள். தூசி எங்கே கிளம்புகிறது? பந்துவீச்சாளரின் கால் பதிகிற இடத்தில் மட்டும் என்றால் கவலை இல்லை. நல்ல லென்தில் பந்து விழுந்த இடத்தில் மேல்தோல் வட்டமாகப் பெயர்ந்து வந்தால் ரோலிங் போதவில்லை என்று அர்த்தம். அடுத்தது விக்கெட் கீப்பர். ஒரே பந்துவீச்சாளரின் ஒரே லென்த் பந்துகளை அவர் இடுப்பளவில் ஒன்று, கணுக்காலில் ஒன்று என்று மாறி மாறிப் பிடிக்கிறாரா என்று பாருங்கள். பந்து ஒரு முழம் திரும்பினாலும் கீப்பரின் கை ஒரே உயரத்தில் இருந்தால் அந்தக் களத்தில் நல்ல ஆட்டக்காரர் நூறு அடிப்பார்.